டிஸ்னிலேண்டின் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’: படகுச் சவாரியைவிடப் பாட்டுக்கே முதல் மதிப்பெண்

கலிஃபோர்னியா மாநிலம் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்டுக்குப் போகிறவர்கள் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ என்ற இந்தப் படகுச் சவாரியைப் பெரும்பாலும் “குழந்தைகளுக்கானது” என்று ஒதுக்கிவிடுவார்கள், அல்லது கால் வலிக்கும் நேரத்தில் உட்கார ஓர் இடம் என்று ஏறுவார்கள். உயரக் கட்டுப்பாடு இல்லை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே ஏறலாம். பூங்காவின் நுழைவுச்சீட்டே போதும், தனிக் கட்டணம் கிடையாது. பள்ளமோ குலுக்கலோ இல்லாமல் ஒரு வாய்க்காலில் படகு மெல்ல மிதந்து போகும். இரண்டு பக்கமும் ஆடிப் பாடும் பொம்மைகள், முந்நூறுக்கும் மேல். உள்ளே போய் வர ஏறத்தாழ 14 நிமிடம். அந்த நேரம் முழுக்க ஒரே பாட்டு.

அந்த ஒரே பாட்டுத்தான் இங்கே பொருள். உலகின் கேளிக்கைப் பூங்காக்களில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் ஒலிக்கின்றன. பூங்காவின் வாசலைத் தாண்டியும் உயிரோடிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் முதலிடம் இதற்கு. டிஸ்னிலேண்டின் மண்ணை மிதிக்காதவர்களுக்கும் இதன் பல்லவி தெரிந்திருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் டைம் இதழ், டிஸ்னி பூங்காக்களில் மட்டும் இது ஏறத்தாழ 5 கோடி தடவை ஒலித்திருக்கும் என்று கணக்குப் போட்டது. 2022-இல் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 1964-ஆம் ஆண்டுப் பதிவு இடம்பெற்றது. அடிக்கடி போட்டால் எந்தப் பாட்டும் பிரபலமாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். கடைகளில் வருடக்கணக்காக ஓடும் எத்தனையோ பின்னணி இசையில் ஒன்றைக்கூட நம்மால் பாடிக்காட்ட முடியாது. இந்தப் பாட்டு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் அது கட்டப்பட்ட விதம். அப்படிக் கட்ட நேர்ந்தது ஓர் ஒலிச் சிக்கலால்.

1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெப்சி நிறுவனம் யுனிசெஃப் அமைப்பைப் போற்றி ஓர் அரங்கு வைக்க விரும்பியது. வால்ட் டிஸ்னியின் குழுவுக்குக் கிடைத்த அவகாசம் ஓராண்டுக்கும் குறைவு. வண்ணமும் வடிவமைப்பும் மேரி பிளேர். பொம்மை முகங்களை வடித்தவர் பிளெய்ன் கிப்சன். உடைகள் ஆலிஸ் டேவிஸ். சுழலும் விளையாட்டுப் பொருட்கள் ரோலி கிரம்ப். ஒவ்வொரு நாட்டுக் குழந்தையும் தன் நாட்டு தேசிய கீதத்தைப் பாடும் என்பதே முதல் திட்டம். மாதிரி அமைத்துக் கேட்டபோது காது கூசியது. ஒவ்வொரு கீதத்துக்கும் ஒரு சுருதி, ஒரு தாளம், ஒரு வேகம். எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒலித்தால் சந்தைக்கடைதான். சுவர் வைத்துத் தடுக்கவும் வழியில்லை. வாய்க்கால் ஒன்றாக ஓட வேண்டும், படகு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு இடைவெளியில்லாமல் நுழைய வேண்டும்.

டிஸ்னி தன் நிறுவனத்தின் பாடலாசிரியர்களான ராபர்ட் ஷெர்மன், ரிச்சர்ட் ஷெர்மன் சகோதரர்களை அழைத்தார். எல்லா அறைக்கும் ஒரே பாட்டு வேண்டும். எந்த மொழிக்கும் எளிதில் மாற்ற வர வேண்டும். திரும்பத் திரும்ப ஒலிக்கத் தாங்க வேண்டும். கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து அதிக நாள் ஆகாத காலம் அது. சகோதரர்கள் முதலில் அமைதிக்கான பிரார்த்தனை போல மெதுவாகப் பாடிக்காட்ட, டிஸ்னி வேகத்தைக் கூட்டச் சொன்னார் என்பது ரிச்சர்ட் பல பேட்டிகளில் சொன்ன தகவல். அந்த வேக மாற்றம் சின்ன விஷயமல்ல, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பாட்டின் உடற்கூறு இதுதான். மேற்கத்திய மேஜர் ஸ்கேல், நம் கணக்கில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைப் பாடிப் பழகிய எந்தக் குழந்தையும் இந்த மெட்டின் போக்கை உடனே பிடித்துவிடும். அவையும் இதே ஸ்வரங்களில், கமகம் என்ற ஸ்வர அசைவு இல்லாமல், நேர்க்கோட்டில் நடப்பவை. தாளம் நாலு நாலாக எண்ணக்கூடியது. கிட்டாரிலோ கீபோர்டிலோ ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) தெரிந்தவர் முழுப் பாட்டையும் வாசித்துவிடலாம்.

பல்லவியைக் கவனியுங்கள். ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் ஆஃப்டர் ஆல்’ என்ற ஒரே வரி மூன்று தடவை வருகிறது; வார்த்தைகள் மாறுவதில்லை, மெட்டின் உருவமும் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏறுகிறது. முதல் வரி ஸட்ஜத்தில் தொடங்கி ரிஷபத்தில் நிற்கும். இரண்டாவது அந்த ரிஷபத்திலேயே தொடங்கிக் காந்தாரத்தில் நிற்கும். மூன்றாவது காந்தாரத்தில் தொடங்கி மத்தியமத்தில் நிற்கும். முந்தைய வரி எங்கே விட்டதோ அங்கேயிருந்து அடுத்த வரி எடுக்கிறது, அந்தாதி மாதிரி. நாலாவது வரி குறுகி, ஸட்ஜத்தில் வந்து இறங்குகிறது. மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரு வரி மட்டுமே. மீதியைப் படிக்கட்டே பார்த்துக்கொள்கிறது. ஒரு வரி மாறாமல் மூன்று தடவை வந்திருந்தால் சலித்திருக்கும். மூன்றும் வேறு வேறாக இருந்திருந்தால் முதல் தடவையிலேயே பிடிபட்டிருக்காது. இரண்டுக்கும் நடுவில், “அடுத்த படி எங்கே” என்று காது எதிர்பார்க்கவும் எதிர்பார்த்தது கிடைக்கவும் இடம் வைத்திருப்பதுதான் இதன் கெட்டிக்காரத்தனம்.

சரணம் வேறு மாதிரி. தொடக்கத்திலேயே மெட்டு மேல்நோக்கி ஒரு பெரிய தாவல் போடுகிறது. படிப்படியாக நடக்கும் பல்லவிக்கு அது நல்ல எதிர்நிறை. இங்கிலாந்தில் கெல்லி ஜகுபோவ்ஸ்கி குழுவினர் 3,000 பேரிடம் எந்தப் பாட்டு மண்டைக்குள் சுற்றுகிறது என்று கேட்டுச் சேர்த்த விவரங்களை ஆராய்ந்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்படிச் சுற்றும் பாட்டுகளில் வேகம் சற்றுக் கூடுதலாக இருந்தது. மெட்டின் ஏற்ற இறக்கம் பழகிய வடிவத்தில் இருந்தது. அதற்குள் எதிர்பாராத ஒரு தாவலோ திரும்பத் திரும்ப வரும் ஸ்வரமோ இருந்தது. அவர்கள் ஆராய்ந்தவை பாப் பாட்டுகள். ஆனால் மூன்று அடையாளங்களும் 1964-இல் வெளிவந்த இந்தப் பாட்டில் அப்படியே கிடக்கின்றன. டிஸ்னி வேகத்தைக் கூட்டச் சொன்னது ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும். மெதுவாகப் பாடியிருந்தால் கேட்பவர் உருகியிருப்பார். வாயில் முணுமுணுத்திருக்க மாட்டார்.

இப்போது ஒலிச் சிக்கலுக்கு வருவோம். பல்லவியும் சரணமும் ஒரே நீளம். இரண்டுக்கும் அடியில் ஓடும் கார்டு வரிசையும் ஒன்றே. அதனால் ஒருவர் பல்லவியையும் இன்னொருவர் சரணத்தையும் ஒரே நேரத்தில் பாடினால் ஒன்றோடொன்று மோதாது. வேண்டுமென்றே எழுதிய இரட்டைக் குரல் போல இழையும். உண்மையில் வேண்டுமென்றே எழுதியதுதான். எல்லா அறையிலும் அதே சுருதி, அதே வேகம். முன்னறையிலிருந்து ஒரு மொழியில் பல்லவி, பின்னறையிலிருந்து வேறு மொழியில் சரணம் என்று கலந்தாலும் காதுக்குக் கூட்டுப்பாட்டாகத்தான் விழும். ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போகும் வளைவில் கவனித்துக் கேளுங்கள். சாதாரணமாகப் பூங்காக்களில் மிக மோசமாக இருக்கும் இடம் இந்த மாதிரி இணைப்புப் பகுதிதான். இரண்டு இசையும் இடித்துக்கொள்ளும். இங்கே அதுதான் மிக அழகான இடம்.

ஒரு விளைவு இதிலிருந்து கிடைக்கிறது. 14 நிமிடத்தில் பல்லவி பதினைந்து இருபது தடவைக்குக் குறையாமல் காதில் விழுந்தாலும், ஒவ்வொன்றும் புதிய உடையில் வருகிறது. ஓரிடத்தில் ஸ்வீடிஷ், இன்னோரிடத்தில் இத்தாலியன், ஜப்பானியம், ஸ்பானியம். சில இடங்களில் வார்த்தையே இல்லாமல் அந்தந்தப் பகுதியின் வாத்தியச் சாயல். பொம்மைகளும் இப்படித்தான். எல்லாவற்றுக்கும் முகவெட்டு ஒன்றே. நிறமும் முடியும் உடையும் மட்டும் மாறும். ஆசியப் பகுதியில் தாஜ்மஹால் பின்னணியில் ஆடும் பொம்மையும் ஐரோப்பியப் பகுதியில் ஆடும் பொம்மையும் அக்கா தங்கை. கண்ணுக்கும் காதுக்கும் ஒரே பாடத்தை இரண்டு வழியில் சொல்வதால், மொழி தெரியாத நாலு வயதுக் குழந்தையும் இறங்கும்போது மெட்டைக் கொண்டுபோகிறது. கடைசி அறையில் எல்லாப் பொம்மைகளும் வெள்ளை உடையில் ஒன்றுசேரும்போது பாட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புகிறது. புரியாத மொழிகளில் மெட்டைப் பிடித்தாயிற்று, இப்போது வார்த்தை கிடைக்கிறது. இந்த வரிசை நேர்மாறாக இருந்தால் இத்தனை பலன் கிடைத்திருக்காது.

பரவியதற்கு வெளிக் காரணங்களும் உண்டு. நியூயார்க் கண்காட்சிக்கு இரண்டு பருவங்களில் வந்தவர்கள் 5 கோடியே 10 லட்சம் பேர். பூங்காவுக்குப் போய் அறிமுகமான பாட்டு அல்ல இது. அறிமுகமான பிறகு பூங்காவுக்குப் போன பாட்டு. 1964-லேயே இசைத்தட்டு கிடைத்தது. கேட்டவர் வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்தது. கண்காட்சி முடிந்ததும் சவாரியைக் கழற்றி அனஹைமுக்குக் கொண்டுவந்து 1966 மே 28 அன்று திறந்தார்கள். பிறகு ஃபுளோரிடா 1971, டோக்கியோ 1983, பாரிஸ் 1992, ஹாங்காங் 2008. பெற்றோர் கேட்டதையே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். மூன்று தலைமுறைக்கு மாற்றாமல் வைத்திருப்பதற்கு உறுதி வேண்டும். மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அதே கண்காட்சியில் பிறந்த, அதே சகோதரர்கள் எழுதிய ‘கரோசல் ஆஃப் புராகிரஸ்’ என்ற சுழல் அரங்கின் பாட்டு சாட்சி. அதுவும் அருமையான மெட்டு. அரங்கு சுழன்று அடுத்த காட்சிக்கு நகரும்போதெல்லாம் ஒலிக்கும். 1975-இல் ஃபுளோரிடாவுக்குப் போனபோது புரவலர் நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக்கின் விருப்பப்படி வேறு பாட்டு வந்தது. பழைய பாட்டு திரும்பியது 1993-இல்தான். நடுவில் ஏறத்தாழ 18 ஆண்டு, ஒரு தலைமுறையே வேறு பாட்டோடு வளர்ந்துவிட்டது. இன்று பூங்கா ரசிகர்களுக்கு இரண்டும் தெரியும். தெருவில் போகிறவருக்கு இரண்டும் தெரியாது.

மற்ற போட்டியாளர்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1967-இல் திறந்த கடற்கொள்ளையர் சவாரியின் பாட்டு முரட்டுத்தனமாக இனிமையானது, ஆனால் சவாரியின் ஒரு பகுதியில்தான் முழுதாக ஒலிக்கும். 2003-இல் வந்த திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறுமி அதைப் பாடியதால்தான் பூங்காவுக்கு வெளியே பரவலாகத் தெரிந்தது. 1969-ஆம் ஆண்டின் பேய் மாளிகைப் பாட்டு இசையாகப் பார்த்தால் இதைவிட நுட்பமானது. இசையமைப்பாளர் பட்டி பேக்கர் அதே மெட்டை ஓர் இடத்தில் ஆர்கனில் இழுத்தும் இன்னோரிடத்தில் நடனமாகத் திரித்தும் வைத்திருக்கிறார். வார்த்தையோடு கேட்பது கல்லறைக் காட்சியில்தான். அதற்குள் சரணங்கள் அடுக்கடுக்காக வந்துவிடுவதால் ஒரே சவாரியில் எதையும் பிடிக்க முடியாது. பேய் மாளிகைக்குப் பத்துத் தடவை போனவருக்குத்தான் அது முழுதாகச் சொந்தம்.

1972-இல் தொடங்கிய மின்விளக்கு ஊர்வலத்தின் இசை மட்டும் தனிப் பாராட்டுக்கு உரியது. பெர்ரி, கிங்ஸ்லி என்ற இரு இசைக் கலைஞர்கள் 1967-இல் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் செய்த துள்ளல் இசைத்துண்டு அது, வார்த்தையே கிடையாது. அடியில் அந்த மெட்டு விடாமல் ஓட, ஒவ்வொரு ஊர்தியும் தன் கதைக்குரிய மெட்டை அதே சுருதியிலும் வேகத்திலும் மேலே ஏற்றிக்கொண்டு வரும். ஓர் ஊர்தி போய் அடுத்தது வரும்போது இசை உடையாது. படகுச் சவாரி கண்டுபிடித்த அதே தீர்வுதான். அங்கே கேட்பவர் நகர்கிறார், இங்கே பாட்டு நகர்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சவாரி நிற்கும்போது பாட்டு நிற்பதில்லை. படகுகள் தண்ணீரின் ஓட்டத்தில் தாமாக மிதப்பவை. பாரம் அதிகமானது பின்தங்கும், பின்னால் வருவது வந்து மெல்ல இடிக்கும். இறங்குதுறையில் தாமதமானால் வரிசையாகத் தேங்கும். கூட்ட நாட்களில் 14 நிமிடம் 20 ஆகலாம். 2009-இல் சவாரி பழுதாகி, சக்கர நாற்காலியில் வந்த பார்வையாளர் ஒருவர் வெளியேற முடியாமல் அரை மணி நேரம் உள்ளே சிக்கினார்; பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. 2013-இல் அவருக்கு 8,000 டாலர் இழப்பீடு தரப்பட்டது. நிறுத்த வழியில்லாத கேட்பவருக்கு, ஒட்டிக்கொள்ளும் மெட்டு வதையாகிவிடும். பழுது அறிவிப்போடு சேர்ந்து இசையையும் தணிக்கும் வழக்கம் எல்லாப் பூங்காவிலும் கட்டாயமாக வேண்டும். ஒலிக்குக் கூசும் குழந்தைகளை அழைத்துப்போகிறவர்கள் காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். நடுவழியில் இறங்க முடியாது.

2009-இல் டிஸ்னி திரைப்படப் பாத்திரங்களைப் பொம்மைகளாக ஆங்காங்கே சேர்த்தார்கள். செய்நேர்த்தியில் குறையில்லை, மேரி பிளேரின் பாணியிலேயே இருக்கின்றன. ஆனால் அதற்குப் பிறகு பயணிகள் “அதோ அலாவுதீன்” என்று தேடுவதில் இறங்கிவிடுகிறார்கள், காது பின்னுக்குப் போகிறது. பாட்டுக்காகப் போகிறவருக்கு இது இழப்பு. 2022-இல் சேர்த்த சக்கர நாற்காலிப் பொம்மைகள் அப்படியல்ல. அவை இந்தப் பாட்டுக்குள் முதலிலேயே இருந்திருக்க வேண்டியவை.

நவம்பர் முதல் ஜனவரித் தொடக்கம் வரை விடுமுறைக் கால அலங்காரத்தில் பாட்டோடு ‘ஜிங்கிள் பெல்ஸ்’, ‘டெக் த ஹால்ஸ்’ இரண்டையும் பின்னியிருப்பார்கள். இந்த வழக்கம் 1997-இல் தொடங்கியது. எளிய கார்டு வரிசையின் லாபம் இங்கேயும் தெரியும். வேறு எளிய மெட்டுகளை உள்ளே விட இடம் இருக்கிறது. வெளிமுகப்பின் விளக்குகள் இரவில் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் முதல் தடவை போகிறவர் மூலப் பாட்டைக் கேட்க விரும்பினால் இந்த மாதங்களைத் தவிர்க்க வேண்டும். அலங்காரம் மாற்றுவதற்காக அக்டோபரில் சில வாரம் மூடியிருக்கும், பயணத் தேதி குறிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் ஷெர்மன் 2024 மே மாதம் மறைந்தார். அதற்கு முன் எழுதிக் கொடுத்த புதிய சரணம் ஒன்று, டிஸ்னிலேண்டின் 70-ஆம் ஆண்டையொட்டி 2025 ஜூலையில் சவாரியின் இறுதிப் பகுதியில் சேர்க்கப்பட்டது. பழைய மெட்டுக்குள் அடங்கி நிற்கிறது, துருத்தவில்லை.

எந்தப் பூங்காவில் கேட்பது? அனஹைம்தான். ஃபுளோரிடாவில் ஏறுமிடமே கூரைக்குள் இருக்கிறது, பயணமும் குறைவு, பதினொரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அனஹைமில் வெள்ளையும் பொன்னுமான பெரிய முகப்பு, கால் மணிக்கு ஒரு தடவை கதவு திறந்து பொம்மைகள் வலம்வரும் கடிகாரம், வெயிலில் தொடங்கி இருட்டுக்குள் நுழையும் வாய்க்கால் எல்லாம் சேர்ந்து பாட்டுக்கு ஒரு முகவுரை தருகின்றன. வரிசை பெரும்பாலும் வெட்டவெளியில். பகலில் தொப்பி வேண்டும். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் படகுகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருப்பதால் வேகமாக நகரும். பாட்டு படகிலிருந்து வருவதில்லை, காட்சிகளின் பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே ஓரத்து இருக்கையில் ஒரு பக்கம் தூக்கலாகக் கேட்கும். முன்வரிசையின் நடுவில் இடம் கிடைத்தால் இரண்டு கரையும் சமமாக விழும்.

இருவராகப் போனால் வரிசையில் நிற்கும்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கடிகாரத்துக்குக் கீழே இசை தொடங்கியதும் ஒருவர் பல்லவியைப் பிடியுங்கள், மற்றவர் அதே நொடியில் சரணத்தை எடுங்கள். வார்த்தை தெரியாவிட்டால் ‘லல்லா’ போதும். நாலு வரியும் முடிந்து இருவரும் ஒரே ஸட்ஜத்தில் வந்து நிற்பீர்கள்.